ஒரு வேண்டுதலில் மட்டும் வாழும் சொல்

பழைய நூல்களைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் அனைவரும் அறிந்த இடர்ப்பாடு ஒன்று உண்டு. ஒரு சொல் ஒரு நூலில் ஓரிடத்தில் மட்டுமே வரும். பிற நூல்களில் தேடினும் கிடையாது. அகராதியும் அந்த ஓரிடத்தைப் பார்த்தே பொருள் எழுதியிருக்கும். அங்ஙனம் நேருமிடத்து உரையாசிரியர்கள் இடம் நோக்கியும், சொல்லைப் பகுத்தும் பொருள் கொள்வர். ஒருவர் கொண்டதை மற்றொருவர் மறுப்பர். பெரும்பாலும் அவ்வழக்கு புலவர் அவையோடு நின்றுவிடும். ஊரார்க்கு அதனால் ஆவதொன்றில்லை.

ஆனால் கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லும் ஒரு வேண்டுதலின் நடுவே அத்தகைய சொல் ஒன்று இருக்குமாயின் என் செய்வது? இயேசு தம் மாணாக்கர்க்குக் கற்பித்ததாகச் சொல்லப்படும் பரமண்டல செபத்தில் அப்படியொரு சொல் உளது. உணவு வேண்டும் நான்காம் விண்ணப்பத்தில், 'அப்பம்' என்னும் பெயர்க்கு அடையாக நிற்கும் 'எப்பியூசியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அது. எத்தகைய அப்பத்தை வேண்டுகிறோம் என்பதை உரைக்க வேண்டிய சொல் அதுதான். அச்சொல்லின் பொருள் கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே ஐயத்துக்குரியதாயிற்று.

இச்சொல் மத்தேயு 6:11-இலும் லூக்கா 11:3-இலும் வருகிறது. 'டிடாக்கே' என வழங்கும் பன்னிருவர் போதனை என்னும் பழைய நூலின் எட்டாம் இயலிலும் வருகிறது. அந்நூலின் ஏடு 1873-இல் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சேறியது. மூன்றிடத்தும் செபம் ஒன்றே. ஆதலின் மூன்று சான்று என்று எண்ணுதற்கில்லை. ஓமர் முதல் வந்த கிரேக்க இலக்கியப் பரப்பு முழுவதிலும், இச்செபத்தையும் அதற்கு எழுந்த உரைகளையும் விலக்கினால், இச்சொல்லுக்கு ஐயமற்ற ஆட்சி வேறில்லை. கி.பி. 233-ஐ ஒட்டிச் செபத்தைப் பற்றி நூல் எழுதிய அலெக்சாந்திரியா நகரத்து ஓரிகன் என்பார், இதனைப் புலவரும் ஆண்டிலர், பொதுமக்களும் பேசிலர், நற்செய்தியாளர் தாமே ஆக்கிக்கொண்ட சொல்லாதல் வேண்டும் என்ற கருத்தினைத் தெரிவித்தார். அவர் கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசியவர் என்பதை நாம் மறத்தல் கூடாது.

இடையே ஒரு காலம் இவ்வையம் தீர்ந்ததுபோல் தோன்றியது. எகிப்து நாட்டு ஹவாரா என்னுமிடத்தில் பிளிண்டர்ஸ் பெற்றி என்பார் அகழ்ந்தெடுத்த பாப்பிரசுத் தாள்களுள் ஒன்று வீட்டுச் செலவுக் கணக்கு. அதனைப் படித்துப் பெயர்த்தெழுதிய சேய்ஸ் என்னும் பேராசிரியர், அதில் அரை ஓபோல் காசுக்கு நேராக நின்ற சிதைந்த சொல்லை 'எப்பியூசி...' எனப் படித்தார். அது 1889-இல் வெளியாயிற்று. பின்னர் 1925-இல் டெப்ரன்னர் என்னும் மொழியறிஞர் அதன்பால் அறிஞர் கவனத்தைத் திருப்பவே, 'நாட்படி' என்று பொருள் எழுதி அகராதிகளும் அதனை மேற்கோளாகக் காட்டத் தொடங்கின. மூலத் தாளோ காணாமற் போயிற்று. சேய்ஸ் படித்தது சரிதானா என்று 1950-களில் மெட்ஸ்கர் என்பார் ஐயுற்றார். அவர் ஐயம் வீண் போகவில்லை. 1998-இல் அத்தாள் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழக நூலகத்தில் மீண்டும் அகப்பட்டது. மறுபடி படித்தவர்கள் அங்கிருப்பது 'எலையூ', அதாவது எண்ணெய், என்று 1999-இல் அறிவித்தனர். எண்ணெய்க்கு அரைக்காசு! புள்ளியிடாத பனையோலையில் எகரமோ ஏகாரமோ என்று மயங்கிய நம் பதிப்பாசிரியர்களின் பாடு அறிந்தவர்க்கு இதில் வியப்பு இராது. ஏட்டுப் பிழை ஒன்று முப்பத்தைந்து ஆண்டு கிடந்து, பின் எழுபது ஆண்டு அகராதியில் வாழ்ந்தது என்பதே இதில் நாம் கருதத்தக்கது.

ஆகவே வெளிச்சான்று இல்லை. சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

புணர்ச்சி விதி சொல்வது

பிரிப்பதற்கு இரண்டு வழி உண்டு. 'எப்பி' என்பது ஒரு முன்னொட்டு. 'மேல், நோக்கி, பொருட்டு' எனப் பலபொருள் தருவது. அதனோடு 'ஊசியா' என்னும் பெயர் சேர்ந்து ஆயிற்று என்பது ஒரு வழி. ஊசியா என்பது இருப்பு, உண்மைப்பொருள், உடைமை என்னும் பொருள்களை உடையது. 'வந்தடைதல்' எனப் பொருள்படும் 'எப்பியேனாய்' என்னும் வினையின் எச்சமாகிய 'எப்பியூசா'விலிருந்து பிறந்தது என்பது மற்றொரு வழி. எப்பியூசா என்றால் வருவது. பெண்பாலாகிய 'நாள்' என்னும் பெயரைத் தொக்க நிலையில் கொண்டு, 'வரும் நாள்' என்றே வழங்கும். முதல் வழியில் 'இருப்புக்கு வேண்டிய அப்பம்' என்றோ 'பொருள்நிலை சார்ந்த அப்பம்' என்றோ ஆகும்; இரண்டாவதில் 'வரும் நாளுக்குரிய அப்பம்' ஆகும்.

இவ்விரண்டனுள் எது என்பதைத் தீர்க்கக் கிரேக்கப் புணர்ச்சி விதி பெரிதும் உதவுகிறது. தமிழில் உயிர்முன் உயிர் வந்தால் உடம்படுமெய் தோன்றும். மேலே 'எப்பியூசா' என நாம் எழுதியபோது இடையில் வந்த யகரமும் நம் மொழி இட்டதே. கிரேக்கத்தில் அதற்கு எழுத்தில்லை. கிரேக்கத்திலோ முன்னொட்டின் ஈற்றுயிர் கெடுவதே இயல்பு. 'எப்பி'யோடு வானம் எனப் பொருள்படும் 'ஊரானோஸ்' சேர்ந்தால் 'எப்பூரானியோஸ்' ஆகும். இகரம் கெட்டது காண்க. புதிய ஏற்பாட்டில் 'வானுக்குரிய' என்னும் பொருளில் பலமுறை வரும் சொல் இது. அதே ஊகாரத்தில் தொடங்கும் ஊசியா சேர்ந்திருப்பின் 'எப்பூசியோஸ்' என்றன்றோ வந்திருத்தல் வேண்டும்? 'வரும் நாள்' என்னும் எப்பியூசாவிலோ இகரம் வினைப்பகுதிக்கு உரியதாகலின் கெடாது நிற்கும்.

விதிவிலக்கு உண்டு என்பார் உளர். உண்மை, 'எப்பியேக்கேஸ்' (நயமுடைய) போன்ற சில சொற்களில் இகரம் கெடாமலிருக்கிறது. ஆனால் அங்கே பழங்காலத்தில் ஒரு வகரமெய் நின்று பின்னர்த் தேய்ந்தது என்பதை மொழிநூலார் காட்டியுள்ளனர். ஊசியாவின் முன் அத்தகைய மெய் எதுவும் நின்றதில்லை. 1871-இல் லைட்ஃபுட் என்னும் ஆங்கில அறிஞர் இவ்வாதத்தை விரிவாக எழுதினார். அதற்கு இன்றுவரை நிறைவான மறுப்பு எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனினும், கிரேக்கராகிய ஓரிகனே ஊசியாவிலிருந்து பொருள் கொண்டார் என்பதும், 'வருதல்' என்னும் வழியை அறிந்தே தள்ளினார் என்பதும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டியவை. அவர் காலத்துப் பேச்சுச் செவிக்கு அப்புணர்ச்சி இடறவில்லை போலும்.

இனி, 'அன்றாட' என்னும் பொருள் எங்கிருந்து வந்தது? ஜெரோமுக்கு முற்பட்ட பழைய இலத்தீன் பெயர்ப்புகள் 'நாள்தோறுமுள்ள' எனப் பொருள்படும் சொல்லை இட்டன. லூத்தரின் செருமன், டிண்டேலின் ஆங்கிலம் ஆகியனவும் அவ்வழியே சென்றன. செவிக்கு இனிய பொருள். ஆயினும் இம்மூன்றனுள் சொல்லோடு மிகக் குறைவாக ஒட்டுவது இதுவே என்பேன். அன்றாடம் என்பதற்குக் கிரேக்கத்தில் சொற்பஞ்சம் இல்லை. யாக்கோபு நிருபம் 2:15-இல் அன்றாட உணவைச் சொல்ல 'எப்பேமெரோஸ்' என்ற எளிய சொல் வருகிறது; அப்போஸ்தலர் நடபடிகள் 6:1-இல் அன்றாடப் பந்திக்கு வேறொரு சொல் வருகிறது. இவை கையிலிருக்க, யாருமறியாப் புதுச்சொல் ஒன்றை ஆக்குவானேன்? மேலும் லூக்கா தம் பாடத்தில் 'இன்று' என்பதை மாற்றி 'நாள்தோறும்' என்று வைத்திருக்கிறார். எப்பியூசியோஸ் என்பதற்கும் அன்றாடம் என்பதே பொருளாயின், அது கூறியது கூறலாய் முடியும்.

பொருள்நிலை கடந்த அப்பம்

வரலாற்றில் பெரும் விளைவை உண்டாக்கியது ஜெரோம் செய்த தேர்வேயாகும். 383-ஐ ஒட்டி இலத்தீன் நற்செய்திகளைத் திருத்தியபோது, லூக்காவில் 'அன்றாட' என்ற பழஞ்சொல்லை விட்டுவைத்த அவர், மத்தேயுவில் மட்டும் 'பொருள்நிலை கடந்த' எனப் பொருள்படும் நீண்டதொரு சொல்லை ஆக்கி வைத்தார். கிரேக்கத்தில் இரண்டிடத்தும் எழுத்துப் பிசகாத ஒரே சொல். ஒரே மூலச்சொல்லுக்கு ஒரே மனிதர், ஒரே வேண்டுதலில், இருவேறு பொருள் எழுதியது பெயர்ப்பாளர்க்கு அழகன்று.

பொருளும் பொருந்தாது. 'எப்பி' என்பதற்குக் 'கடந்த' என்னும் பொருள் இயல்பன்று. அதற்கு 'ஹூப்பெர்' என்னும் வேறு முன்னொட்டு உண்டு. ஊசியாவை மெய்ப்பொருள் என்று கொள்வதற்கும் புதிய ஏற்பாட்டில் இடமில்லை. அங்கே ஊசியா என்னும் சொல் வருவது லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் மட்டுமே. அதுவும் ஊதாரி மகன் தந்தையிடம் பிரித்து வாங்கி அழித்த சொத்தைக் குறித்து! ஊசியா சமயவாதிகளின் வாயில் பெருஞ்சொல்லானது 325-இல் நீசேயா மன்றத்தில், மகன் தந்தையோடு ஒரே ஊசியா உடையவர் என்று அறுதியிட்டபோதாகும். அந்த ஆரவாரம் அடங்காத காலத்தில் வாழ்ந்த ஜெரோமின் காதில், ஊசியா என்ற ஒலி கேட்டதும் தத்துவம் ஒலித்தது இயல்பே. ஆனால் கலிலேயாவின் மீனவர்க்குக் கற்பித்த செபத்தில் நீசேயாவைக் கேட்பது காலமுரண் ஆகும்.

அச்சொல் செய்த வேலையையும் காண்க. 12-ஆம் நூற்றாண்டில் அபெலார் என்னும் பிரெஞ்சு அறிஞர், தாம் நிறுவிய கன்னியர் மடத்தில் 'பொருள்நிலை கடந்த அப்பம்' என்றே செபிக்கச் செய்தார். பெர்னார்டு துறவி அது புதுமை என்று குறைகூறினார். மத்தேயு இயேசுவின் வாய்மொழியை நேரிற் கேட்ட அப்போஸ்தலர்; லூக்கா கேள்வியால் அறிந்தவர்; ஆதலின் மத்தேயுவின் பாடமே சிறந்தது என்று அபெலார் விடை எழுதினார். இவ்வழக்குக்கு இடங்கொடுத்த வேறுபாடு இலத்தீன் ஏட்டில் மட்டுமே உள்ளது, மூலத்தில் இல்லை. பெயர்ப்பாளர் கைவண்ணத்தை வைத்து இரு நற்செய்தியாளரின் தகுதி எடைபோடப்பட்டது!

அப்பத்தை நற்கருணை என்று கொள்ளும் பொருள் 'அன்றாட' என்ற பாடத்திலும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 3-ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரத்துச் சிப்பிரியான் அவ்வாறே உரை கண்டார். 1905-இல் பத்தாம் பயஸ் பாப்பரசர் காலத்தில், நாள்தோறும் நற்கருணை பெறுவதை ஊக்கி உரோமையிலிருந்து வெளியான ஆணை, இவ்விண்ணப்பத்துக்குத் திருச்சபைத் தந்தையர் எழுதிய உரையையே சான்றாகக் காட்டிற்று. ஓர் அடைமொழிக்குக் கண்ட பொருள் ஒரு சபையின் வழிபாட்டு வழக்கத்துக்குத் துணைநின்றது. 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலோ 'இன்று' என்பதன் நீட்சி, வாழ்வுக்கு வேண்டியது, நற்கருணை எனப் பல பொருளையும் ஒருங்கே ஏற்று அமைதி கண்டுள்ளது. சமய நூலுக்கு அது பொருந்தும். சொல்லாராய்ச்சிக்கு, எல்லாப் பொருளும் ஏற்புடையன என்பது விடையாகாது.

நாளைய சோறு

இனி 'வரும் நாள்' என்ற பொருளுக்கு வருவோம். இதற்குச் சார்பான சான்றுகளுள் ஒன்றைத் தந்தவர் ஜெரோமே என்பது வேடிக்கை. எபிரேயர் நற்செய்தி என்று அக்காலத்து வழங்கிய, இன்று மறைந்துபோன நூலில் இவ்விடத்தில் 'மாஹார்', அதாவது நாளை, என்ற சொல்லைத் தாம் கண்டதாக மத்தேயு உரையில் அவர் எழுதியுள்ளார். அந்நூல் கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டதே என்று கொண்டாலும், இயேசுவின் தாய்மொழிக்கு அணித்தான மொழி பேசிய மக்கள் இச்சொல்லை எங்ஙனம் விளங்கிக்கொண்டனர் என்பதற்கு அது சான்றாகும். எகிப்தியராகிய கோப்தியரின் பழைய பெயர்ப்புகளும் 'வருகின்ற', 'நாளைய' என்றே கொண்டன. தவிரவும், அப்போஸ்தலர் நடபடிகளில் எப்பியூசா ஐந்து இடங்களில் வருகிறது. ஐந்தும் அடுத்து வரும் பகலையோ இரவையோ குறிப்பன. அந்நூலை எழுதியவரும் லூக்காவே.

ஆனால் நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று அதே அதிகாரத்தின் முடிவில் இயேசு சொல்கிறாரே, நாளைய உணவை இன்றே கேட்கச் சொல்வாரா என்ற தடை எழும். இத்தடையே பலரை இப்பொருளிலிருந்து விலக்கிற்று. இதற்கு இரண்டு விடை உண்டு. ஒன்று, 'எப்பியூசா' என்பது 'நாளை' என்பதோடு முற்றும் ஒத்ததன்று. பிளேட்டோவின் 'கிரிட்டோ' என்னும் உரையாடல் விடியலுக்கு முன் சிறையில் நிகழ்கிறது. கப்பல் என்று வரும் என்ற பேச்சில், வரும் நாளில் அன்று, அதற்கடுத்த நாளில் என்று சாக்கிரட்டீசு பிரித்துரைக்கிறார். அங்கே எப்பியூசா என்பது இன்னும் சற்று நேரத்தில் விடியவிருக்கும் நாள். நம் கணக்கில் 'இன்று'. ஆகவே வைகறையில் செபிப்பவனுக்கு அது அன்றைய உணவு. மாலையில் செபிப்பவனுக்கு மறுநாள் உணவு.

இரண்டாவது விடை சொல்லில் இல்லை, வாழ்க்கையில் உள்ளது. இச்செபத்தை முதலில் சொன்னவர்கள் யார்? மத்தேயு 20-ஆம் அதிகாரத்து உவமையில் சந்தையில் நின்று வேலைக்கு அழைக்கப்பட்டு, பொழுது சாய்ந்தபின் ஒரு தெனாரியம் பெற்றார்களே, அவர்களைப் போன்றவர்கள். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திராதே என்று லேவியராகமம் 19:13 ஆணையிடுகிறது. பொழுது சாயுமுன் கொடு என்று உபாகமம் 24:15 அதனினும் கடுமையாகச் சொல்கிறது. ஏன்? மாலைக்கூலி கைக்கு வந்தாலன்றி மறுநாள் அடுப்பு எரியாது. தமிழில் அவனுக்கு 'அன்றாடங்காய்ச்சி' என்று பெயர். பத்தாயம் நிறைந்தவன் நாளையைப் பற்றிக் கேட்டால் அது கவலை, அல்லது பேராசை. அன்றாடங்காய்ச்சி நாளைய சோற்றை இன்று கேட்பது கவலையன்று. கூலி கேட்பதைப் போன்றதுதான். கேட்டுவிட்டால் அன்றிரவு அவனால் உறங்க முடியும். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற உபதேசமும் இவ்விண்ணப்பமும் இவ்விடத்தில் முரணவில்லை, ஒன்றையொன்று தாங்குகின்றன.

பாலைவனத்தில் இசுரவேலர் பொறுக்கிய மன்னாவையும் இங்கே நினைக்கலாம். ஒருநாள் அளவுக்கு மேல் வைத்தது மறுநாள் காலையில் புழுத்து நாறிற்று, ஆறாம் நாளில் மட்டும் மறுநாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கிடைத்தது, அது கெடவில்லை. யாத்திராகமம் 16-இல் வரும் இந்த ஏற்பாட்டில் சேமிப்புக்கு இடமில்லை, நாளைக்கு மட்டும் இடமுண்டு. வரப்போகும் தேவராச்சியத்தின் விருந்தையே 'நாளைய அப்பம்' குறிக்கிறது என 20-ஆம் நூற்றாண்டில் எரேமியாஸ் என்னும் செருமன் அறிஞர் விரித்துரைத்தார். விண்ணாட்சி வருக என்ற வேண்டுதலை அடுத்து நிற்பதால் அக்குறிப்பு இருக்கலாம். எனினும் அதனைக் குறிப்புப் பொருளாக வைப்பதே தக்கது. பசித்தவன் கேட்ட சோற்றை மறுமைக்குத் தள்ளிவைப்பது உரையாசிரியர்க்கு எளிது, பசித்தவனுக்கு அன்று.

தமிழில்

நம் மொழியில் என்ன நேர்ந்தது? கத்தோலிக்கர் சொல்லும் செபத்தில் 'அனுதின' என்ற சொல் நிற்கிறது. இலத்தீன் வழி அது. சீர்திருத்தச் சபையார் வழங்கும் பழைய திருப்புதலில் 'வேண்டிய' என்பது நிற்கிறது. இவ்விரண்டாவது, சிரியக் கிறித்தவரின் பெசித்தா வேதத்தில் காணும் 'எங்கள் தேவைக்குரிய' என்னும் பொருளோடு ஒத்துச் செல்கிறது. இரண்டனுள் பழைய திருப்புதல் மேம்பட்டது என்பது என் துணிபு. லூக்காவில் 'அன்றன்றும்' என்பதைத் தனியே வைத்தமையால் கூறியது கூறல் என்னும் குற்றத்துக்கு அது தப்பிற்று. 'வேண்டிய' என்ற சொல்லும், தேவைப்படுகின்ற என்றும், இரந்து கேட்ட என்றும் இருபொருள் பட நிற்பது நம் மொழி தந்த பேறு. ஆனால் காலக்குறிப்பு இரண்டு பெயர்ப்பிலும் போயிற்று. நாளை என்னும் அச்சமும் அதன் ஆறுதலும் தமிழ்ச் செபத்தில் இல்லை.

நீதிமொழிகள் 30:8-இல் வறுமையும் வேண்டா, செல்வமும் வேண்டா, எனக்கு அளந்த பங்கே போதும் என்று கேட்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு. அங்கே பழைய திருப்புதலார் 'படி' என்னும் அருமையான சொல்லை ஆண்டிருக்கின்றனர். படியளக்கிறவன் என்று கடவுளைச் சொல்லும் மக்களுக்கு அது உடனே விளங்கும். அச்சொல் கையிலிருந்தும் பரமண்டல செபத்தில் அதனை ஆளாது விட்டனர். 'நாளைப் படி' என்றிருந்தால் கூலியாளின் குரல் கேட்டிருக்கும்.

இன்னொன்று. மூலத்தில் 'ஆர்த்தோஸ்' என்பது அப்பம். கடைசி இராவுணவில் இயேசு கையிலெடுத்துப் பிட்டதும், யோவான் 6-இல் உயிர்தரும் அப்பம் நானே என்றதும் அதே சொல். பழைய திருப்புதல் அவ்விடங்களில் 'அப்பம்' என்றே வைத்து, செபத்தில் மட்டும் 'ஆகாரம்' என்று மாற்றிற்று. சோறுண்ணும் நாட்டுக்கு ஏற்ற மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓரிகனும் சிப்பிரியானும் ஜெரோமும் கண்ட உட்பொருளுக்குப் போகும் கதவு, எப்பியூசியோஸ் என்ற அரிய சொல்லால் அன்றி, அப்பம் என்ற எளிய சொல் மாறியதால் தமிழர்க்கு அடைபட்டது. மேனாட்டார் அடைமொழியைப் பற்றிப் பல நூற்றாண்டு வழக்காடியிருக்க, நம்மவர் பெயர்ச்சொல்லை மாற்றி ஓசையின்றி அவ்வழக்கைத் தீர்த்துவிட்டனர்.